தோரோவும் மூஸ் வேட்டையும்

வேட்டை என்பது அரசர்க்கும் ஏழையர்க்கும் பொதுவாகிய பழந்தொழில். குறிஞ்சி நிலத்துக் கானவன் வில்லேந்திப் புனத்திடைத் திரிந்த செய்திகளைப் பண்டை நூல்களிற் பயின்று மகிழும் நாம், அவன் வயிற்றின் பொருட்டும் மக்களின் பொருட்டும் வேட்டமாடினான் என்பதை அறிவோம். வேட்டையையே விளையாட்டாகக் கொண்டு, அதன் பொருட்டுப் பெரும்பொருள் செலவிட்டுக் கடல் கடந்து செல்வோரும் உலகில் உளர். கனடா, அலாஸ்கா, நார்வே, சுவீடன் முதலிய குளிர்நாடுகளுக்கு மூஸ் என்னும் பெருமானை வேட்டையாடுதற்கென்றே இன்றும் பலர் செல்கின்றனர். வழிகாட்டியை அமர்த்துதல், அரசாங்க அனுமதி பெறுதல், கூடாரமும் உணவும் திரட்டுதல், கூலி பேசுதல் ஆகிய ஏற்பாடுகளிலே அவர்களுக்குப் பல மாதங்கள் கழிகின்றன.

இத்தகைய பயணம் ஒன்றை இற்றைக்கு நூற்றெழுபது ஆண்டுகட்கு மேலாக, அமெரிக்க நாட்டறிஞர் ஒருவர் மேற்கொண்டார். அவர் துப்பாக்கி எடுத்துச் சென்றாரில்லை. ஆயினும் வேட்டைக்குழுவோடு சென்றார். சென்று கண்டது அவர் நெஞ்சைத் துளைத்தது. அன்று முதல் இறக்கும் நாள்வரை அந்த விலங்கு அவர் நினைவை விட்டு நீங்கவில்லை. அவரே ஹென்ரி டேவிட் தோரோ என்பார். அவருடைய வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகவும், அவ்வேட்டையைச் சற்று விரிவாகவும் கூறப் புகுகின்றேன்.

பிறப்பும் கல்வியும்

தோரோ 1817-ம் ஆண்டு ஜூலை மாதம் 12-ந் தேதி, மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் காங்கார்டு என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜான் தோரோ பென்சில் செய்து விற்றுக் குடும்பம் நடத்தியவர். தாயார் சிந்தியா என்பவர். ஹெலன், ஜான் என்னும் இருவர் இவருக்கு மூத்தவர், சோபியா இளையவர். செல்வக் குடும்பம் அன்றெனினும், பெற்றோர் அரிதின் முயன்று இவரை ஹார்வர்டு கலாசாலைக்கு அனுப்பினர். 1833 முதல் 1837 வரை அங்கே பயின்று பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றதும் தம் ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். மாணாக்கரைப் பிரம்பால் அடித்தல் அக்காலத்து வழக்கம், இவர் அடித்தாரில்லை. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் அடித்தே தீரவேண்டும் என்று வற்புறுத்த, அன்றே சில பிள்ளைகளை அழைத்து அடித்துவிட்டு, மாலையில் வேலையைத் துறந்தார். காரணமின்றி அடியுண்ட அப்பிள்ளைகள் என் செய்தனர் என்னும் கேள்வி இதனைப் படிப்போர்க்கு எழாமற் போகாது. பிறர் ஏவலாற் செய்யும் தீமையும் செய்தவன் கணக்கிலேயே சேரும் என்பதை அவர் அன்று முழுதும் உணர்ந்திலர் போலும்! பின்னர் வேட்டைக் காட்டில் அவர் இதனை உணர்ந்த வகையைக் காண்போம்.

அதன்பின் தமையனார் ஜானுடன் சேர்ந்து பிரம்பில்லாத பள்ளி ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தினார். 1842-ல் ஜான், சவரக்கத்தி கிழித்த சிறு காயத்தால் இசிவு நோய் கண்டு இறந்தார். இத்துயரம் தோரோவை மிகவும் வாட்டிற்று. புகழ்பெற்ற எமர்சன் இவருக்கு அண்டை வீட்டினராயும் ஆசானாயும் விளங்கினார். நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தை 1837-ல் தொடங்கியதும் அவர் தூண்டுதலாலேயே என்பர். அக்குறிப்பை இறுதிக்காலம் வரை எழுதி வந்தார். தந்தையாரின் தொழிலையும் கைவிட்டாரல்லர். காரீயத் தூளுடன் களிமண் கலந்து சிறந்த பென்சில் செய்யும் முறையைக் கண்டார். நிலம் அளக்கும் தொழிலாலும் ஊதியம் தேடினார்.

வால்டன் குடில்

1845-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, காங்கார்டுக்கு அருகே எமர்சனுக்குரிய காட்டில், வால்டன் என்னும் குளக்கரையில், தாமே கட்டிய குடிலிற் குடிபுகுந்தார். குடில் 15 அடி நீளமும் 10 அடி அகலமும் உடையது. கட்டச் சென்ற செலவு 28 டாலரும் சில்லறையும். இரண்டு ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் அங்கே வாழ்ந்தார். பகவத்கீதையை விரும்பிக் கற்றதும் அங்கேதான். அவ்வாழ்க்கையை விவரிக்கும் ‘வால்டன்’ 1854-ல் வெளிவந்தது.

1846 ஜூலையில், அடிமைமுறையை ஆதரிக்கும் அரசாங்கத்திற்குத் தலைவரி செலுத்த மறுத்து, ஓரிரவு சிறையிலிருந்தார். அதைப்பற்றி அவர் எழுதிய கட்டுரை 1849-ல் அச்சாயிற்று. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் 1907-ல் அதன் பகுதிகளைத் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் வெளியிட்டார். அங்கு நிகழ்ந்த அறப்போரிற் சிறை சென்றோருள் தமிழர் பலர் இருந்தமையால், காங்கார்டுச் சிறையின் ஓரிரவுக்கும் நம்மவர்க்கும் ஒருவகைத் தொடர்பு உண்டென்னலாம். இச்செய்திகள் பலரும் அறிந்தவை. ஆகவே விரிக்காது மேற்செல்கின்றேன்.

மேய்ன் காட்டிற்கு முதற் பயணம்

மாஸசூஸெட்ஸுக்கு வடகிழக்கே மேய்ன் என்னும் மாகாணம் உளது. பைன், ஸ்புரூஸ் முதலிய மரங்கள் செறிந்த பெருங்காடும், எண்ணற்ற ஏரிகளும், அவற்றைக் கோத்து ஓடும் ஆறுகளும் நிறைந்த நாடு அது. பெனாப்ஸ்காட் என்னும் ஆதிகுடியினர் அந்நாட்டுப் பழமக்கள். பிர்ச்சு மரப்பட்டையால் இலேசான தோணி செய்து, ஆற்றிற் செலுத்தியும், நீரற்ற இடத்தில் தலைமேல் தூக்கியும் காடு முழுவதும் உலவுதல் அவர்க்குக் கைவந்த கலை. அவர் துணையின்றி வெளியார் அக்காட்டிற் செல்வது அரிது.

1846-ம் ஆண்டு, வால்டனில் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே, தோரோ அந்நாட்டிற்குச் சென்று கட்டாடின் என்னும் மலைமேல் ஏறினார். லூயி நெப்டியூன் என்னும் ஆதிகுடி முதியவர் வழிகாட்டியாய் வருவதாக வாக்களித்தார். ஆனால் குறித்த இடத்திற்குக் குறித்த நேரத்தில் வந்திலர். பின்னர், அப்பகுதியில் வாழ்ந்த வெள்ளையர் இருவரைத் துணைகொண்டு படகிற் சென்றனர். வழிகாட்டியின் வருகையே பயணத்தின் உயிர்நாடி என்பதை அவர் முதன்முதல் அறிந்தது இவ்வாறு.

மூஸ் என்னும் விலங்கு

நம் நாட்டில் மூஸ் இல்லை. ஆதலின் அதனைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மானினத்துள் மிகப் பெரியது மூஸ். தோள் வரை ஆறடி உயரம் உடையது. நன்கு வளர்ந்த ஆண் ஆயிரம் இராத்தலுக்கு மேலும் நிறை இருக்கும். நீண்ட கால்களும், தொங்கும் மேலுதடும், கழுத்தின்கீழ் ஆடும் தோல்மடிப்பும் பார்ப்போர்க்கு வியப்பும் நகைப்பும் ஒருங்கே விளைவிக்கும். ஆணின் கொம்பு விரித்த உள்ளங்கை போல அகன்றிருக்கும். ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். கோடையில் ஏரியிலும் ஆற்றிலும் இறங்கி நீர்ப்பூண்டுகளைத் தின்னும். அதற்குக் கண்பார்வை கூர்மையன்று. செவியும் மூக்கும் மிகக் கூர்மை.

செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் அதன் இணைவிழைச்சுக் காலம். அப்போது பெண் மூஸின் குரலைக் கேட்ட ஆண் அதனை நாடி வரும். இதனை அறிந்த வேட்டைக்காரர், பிர்ச்சுப் பட்டையைச் சுருட்டி ஊதுகொம்பு செய்து, பெண் மூஸ் போலக் குரல் எழுப்பி ஆணை அழைப்பர். அன்பை நாடி வரும் விலங்கை அவ்வன்பின் குரலாலேயே வஞ்சித்துக் கொல்லும் முறை இது.

1853-ம் ஆண்டு வேட்டை

மேய்ன் நாட்டுப் பாங்கோர் நகரில் தோரோவின் உறவினர் ஜார்ஜ் தாச்சர் என்பார் வாழ்ந்து வந்தார். மூஸ் வேட்டையாடவேண்டும் என்பது அவர் விருப்பம். தோரோவுக்கோ காட்டையும் விலங்கையும் ஆதிகுடியினரின் திறத்தையும் அருகிருந்து காணவேண்டும் என்பது அவா. 1853 செப்டம்பர் 13-ந் தேதி மாலை, பாஸ்டன் துறைமுகத்தில் நீராவிக் கப்பலேறிப் பாங்கோர் சேர்ந்தார். தாச்சர் முன்னரே ஏற்பாடுகளைச் செய்து, ஜோ ஐட்டியன் என்னும் இளைஞரை வழிகாட்டியாக அமர்த்தியிருந்தார். இவர் பெனாப்ஸ்காட் குடித்தலைவரின் மகன், வயது இருபத்துநான்கு, மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிடும் தொழிலில் வல்லவர், முந்திய ஆண்டிலும் வெள்ளையர் இருவரை மூஸ் வேட்டைக்கு அழைத்துச் சென்றவர்.

ஜோவும் அவருடைய தோணியும் தபால் வண்டியில் ஏற்றப்பட்டு முன்னே சென்றன. மற்ற இருவரும் திறந்த வண்டியில் மழையில் நனைந்துகொண்டே பின்சென்றனர். உலர்ந்த ரொட்டி, பன்றியிறைச்சி, தேயிலை, சர்க்கரை முதலியன ஒரு பட்டாளத்திற்குப் போதுமளவு கொண்டு சென்றதாகத் தோரோ தம்மையே எள்ளி எழுதியுள்ளார். வழியில் ஓரிடத்தில், இரு பாதை பிரியுமிடத்துக் கைகாட்டி மரத்தின் உச்சியில் ஓர் இணை மூஸ் கொம்பு பொருத்தப்பட்டு, கொம்பின் இரு பக்கங்களிலும் இரண்டு ஊர்ப்பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. விலங்கைக் காணுமுன் அதன் எலும்பே வழிகாட்டக் கண்டார் எனலாம்.

கிரீன்வில் என்னும் ஊரில் மூஸ்ஹெட் ஏரியை அடைந்து, நீராவிப் படகில் அதன் வடகோடி சென்று, அங்கிருந்து நிலத்தைக் கடந்து பெனாப்ஸ்காட் ஆற்றின் மேற்குக் கிளையிற் தோணியை இறக்கினர். தோணியின் நீளம் பத்தொன்பதரை அடி. மூவரும் மூட்டைகளும் அதனுள் அடங்கினர். தாம் எதற்காக வந்தார் என்பதைத் தோரோ முன்னரே வரையறுத்துக்கொண்டார்: வேட்டைக்காரராக அன்று, படையோடு செல்லும் குருவானவர் போலவும், நிகழ்ந்ததை எழுதி வைப்பவர் போலவும் வந்ததாக எண்ணித் தம்மைத் தேற்றிக்கொண்டார். துப்பாக்கி தம் கையில் இல்லையெனின் குற்றமும் தம்மேல் இல்லை என்பது அவர் கருத்துப் போலும்.

முதல் இரவு, நிலவொளியில் தோணியை மெல்லச் செலுத்தி, ஜோ பட்டைக்கொம்பை ஊதினார். மூஸ் ஒன்றும் வரவில்லை. காடு முழுவதும் அமைதி. அந்த அமைதியின் நடுவே எங்கோ தொலைவில் மந்தமானதோர் ஓசை கேட்டது. தோரோ வினவ, மரம் ஒன்று விழுந்தது என்று ஜோ விடையளித்தார். காற்றில்லாத இரவிலே, காண்பார் எவருமின்றி, பெருங்காட்டில் ஒரு மரம் விழுந்த அவ்வோசையின் மாட்சியைத் தோரோ தம் நூலில் வியந்து எழுதியுள்ளார்.

மறுநாட் பிற்பகல், பைன் ஓடை என்னும் சிற்றாற்றினுள் திரும்பியதும், கரையோரப் புதர்களுக்கிடையே ஒரு பெண் மூஸும் அதன் கன்றும் நின்று இவர்களை நோக்கின. தாச்சர் தாயைக் குறிவைத்து ஒருமுறையும் கன்றைக் குறிவைத்து ஒருமுறையும் சுட்டார். இரண்டும் காட்டினுள் மறைந்தன. ஜோ இறங்கி, இலையிற் சிந்திய குருதித்துளியையும், ஈர மண்ணில் பதிந்த குளம்படியையும் பார்த்துப் பார்த்துச் சென்றார். நெடுந்தூரம் தேடியும் காணாது திரும்பினார். மீண்டும் தோணியைச் செலுத்துகையில், ஓடையின் நடுவே அத்தாய் மூஸ் இறந்து கிடந்தது. உடலின் வெப்பம் இன்னும் தணிந்திலது.

தோரோ நில அளவைக்காரர் அல்லரோ? தோணிக் கயிற்றை எடுத்து, அவ்விலங்கின் உயரமும் நீளமும் அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு முடிச்சிட்டுக்கொண்டார். அன்றிரவு அம்முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தம் குடையை அளவுகோலாகக் கொண்டு கணக்கிட்டார். ஆராய்ச்சியாளரின் கண் அதுவரை விழித்திருந்தது. பின்னர் ஜோ ஒரு சிறு கத்தியால் தோலை உரிக்கத் தொடங்கினார். சிவந்த உடல் வெளிப்பட்டது. கிழிபட்ட மடியினின்றும் பால் வடிந்தது. கன்றுக்கென்று சுரந்த பால் ஓடை நீரிற் கலந்தது. தோலையும் சிறிதளவு இறைச்சியையும் எடுத்துக்கொண்டு, எஞ்சிய பேருடலை அங்கேயே விட்டுச் சென்றனர்.

அவ்வேளையில் ஆராய்ச்சியாளரின் கண் மூடிற்று. மனிதனின் கண் திறந்தது.

தீயருகே ஓர் இரவு

அன்றிரவு தாச்சரும் ஜோவும் மறுபடியும் வேட்டைக்குச் சென்றனர். தோரோ செல்லவில்லை. கூடாரத்தின் முன் எரிந்த தீயருகே தனித்திருந்து, பகலில் கண்டதை மனத்தில் ஆராய்ந்தார். அவர் எண்ணத்தின் சாரம் பின்வருமாறு:

உயிர் வாழத் தேவையான அளவு மட்டும் மீன் பிடித்தும் வேட்டையாடியும் ஓர் ஆண்டு காட்டிலே வாழ்வது தமக்கு உவப்பாகவே இருக்கும். ஆனால், கொல்லும் இன்பத்திற்காக மட்டும் இவ்விலங்கைக் கொல்வது, இரவில் அயலார் மேய்ச்சல் நிலத்துட் புகுந்து, அவருடைய குதிரைகளைச் சுட்டுவிட்டு வருவதைப் போன்றதே. இவை கடவுளுக்கே உரிய குதிரைகள். அஞ்சி ஓடும் இவற்றைச் சுடுவதில் வீரம் யாது? இங்கு வருவோருள் வெள்ளையராயினும் ஆதிகுடியினராயினும் பெரும்பாலோர், காட்டைத் தோலாகவும் பலகையாகவும் மாற்றுதற்கே வருகின்றனர். கொன்றவர் தாச்சர், உரித்தவர் ஜோ, ஆயினும் தாம் உடன் வந்தமையால் அத்துயர நிகழ்ச்சியில் தமக்கும் பங்கு உண்டு. அப்பங்கு தம் பயணத்தின் இன்பத்தை அழித்தது. தம் தூய்மையையும் ஓரளவு கெடுத்தது.

காலையிற் குருவானவர் போல் வந்தேன் என்ற எண்ணம் மாலையில் நிலைக்கவில்லை. பள்ளியில் அதிகாரியின் சொல்லுக்காகப் பிரம்பெடுத்த இளைஞர், பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர், தாம் எடுக்காத துப்பாக்கிக்கும் பொறுப்பேற்றுக்கொண்டார். இவ்வளர்ச்சியே அவர் வரலாற்றில் என் நெஞ்சைக் கவர்ந்தது.

விலங்கிலிருந்து அவர் எண்ணம் மரத்திற்குச் சென்றது. பைன் மரத்தின் உண்மை நண்பன், அதனை வெட்டிப் பலகை ஆக்குபவன் அல்லன். அதன் உயிரை நேசிக்கும் கவிஞனே என்று முடிவு செய்தார். இப்பயணக் கட்டுரை 1858-ல் ‘அட்லாண்டிக்’ என்னும் திங்களிதழில் வெளிவந்தது. பைன் மரமும் மனிதனைப் போல் அழிவற்ற நிலை அடையக்கூடும் என்னும் கருத்தமைந்த ஒரு வாக்கியத்தைப் பத்திரிகாசிரியர் லோவல், ஆசிரியரைக் கேளாமலே நீக்கிவிட்டார். தோரோ வெகுண்டு கண்டனக் கடிதம் எழுதினார். அக்கட்டுரையின் இறுதியில், மூஸும் கரடியும் ஆதிகுடியினரும் வாழுமாறு, தேசமே காடுகளைக் காத்து வைத்தல் வேண்டும் என்று கூறியுள்ளார். அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்காவாகிய எல்லோஸ்டோன் தோன்றியது 1872-ல் என்பதை நோக்கின், அவர் காலத்திற்கு முன் நடந்தவர் என்பது விளங்கும்.

எனினும் ஒன்று கூறவேண்டும். அவர் மூஸ் இறைச்சியை உண்டார்; அதன் சுவையையும் எழுதியுள்ளார். பின்னர் மற்றொரு முறையும் வேட்டைக்காரரோடே காடு சென்றார். ஆகவே அவரைக் கொல்லா நோன்பினர் என்று போற்றுதல் உண்மையாகாது. தம் செயலையும் தம் உணர்வையும் மறையாது அருகருகே எழுதி வைத்தார் என்பதே அவருக்குரிய பெருமை.

ஜோ போலிஸ் என்னும் ஆசான்

1857 ஜூலையில் தோரோ மூன்றாம் முறை மேய்ன் சென்றார். உடன் வந்தவர் எட்வர்ட் ஹோர் என்னும் காங்கார்டு நண்பர். 1844-ல் இவ்விருவரும் மீன் சமைக்க மூட்டிய தீ பரவிக் காங்கார்டுக் காட்டில் முந்நூறு ஏக்கர் அளவு எரிந்துபோனது. காட்டை எரித்த இருவர், காட்டைக் கற்கச் சென்றனர்.

ஓல்டு டவுன் அருகேயுள்ள தீவில் ஜோ போலிஸ் என்னும் பெனாப்ஸ்காட் பெரியார் தம் வீட்டு முற்றத்தில் மான்தோல் பதனிட்டுக்கொண்டிருந்தார். நல்ல வழிகாட்டி ஒருவரைத் தெரியுமா என்று தோரோ கேட்க, தமக்கே மூஸ் வேண்டும். ஆகவே தாமே வருவதாகக் கூறினார். நாளொன்றுக்கு இரண்டு டாலர் கேட்டார். ஒன்றரை டாலரும், தோணிக்கு வாரம் ஐம்பது சென்டும் என்று முடிவாயிற்று. போலிஸ் தம் குடியின் சார்பில் வாஷிங்டன் நகருக்குச் சென்று வந்தவர். எழுதப் படிக்க அறிந்தவர். தாம் அறிந்ததெல்லாம் போலிஸுக்குச் சொல்வதாகவும், போலிஸ் அறிந்ததெல்லாம் தமக்குச் சொல்லவேண்டும் என்றும் தோரோ ஓர் உடன்பாடு செய்துகொண்டார். ஹார்வர்டில் பட்டம் பெற்றவர், மரப்பட்டைத் தோணியில் மாணவராய் அமர்ந்தார்.

போலிஸ் கிறிஸ்தவர், இரவிலும் காலையிலும் தம் மொழியில் நெடுநேரம் செபம் செய்வார். ஞாயிற்றுக்கிழமையிற் பயணம் செய்தல் தகாது என்பது அவர் கொள்கை. மற்றவர் வற்புறுத்தலுக்கு இணங்கி வருவதாயின், அந்நாட்குக் கூலி வாங்கப்போவதில்லை என்றார். இறுதியிற் கணக்குப் பார்த்தபோதோ ஞாயிற்றுக்கிழமைகளையும் அவர் சேர்த்துக்கொண்டதைத் தோரோ புன்முறுவலோடு குறித்துள்ளார். நம்முள்ளும் இத்தகையோர் இலர் என்று யார் சொல்வார்?

இப்பயணத்திலும் போலிஸ் ஒரு மூஸைச் சுட்டுத் தோலையும் இறைச்சியையும் எடுத்துக்கொண்டார். ஆயின் இம்முறை தோரோவின் உள்ளம் முன்போற் கொதிக்கவில்லை. தோலும் இறைச்சியும் போலிஸுக்கு வாழ்க்கை, விளையாட்டன்று. இவ்வேறுபாட்டைத் தோரோ உணர்ந்திருந்தார். இப்பயணக் கட்டுரையை அவர் தம் வாழ்நாளில் அச்சிடவில்லை. பத்திரிகை படிக்கும் வழக்கமுடைய போலிஸ் தம்மைப்பற்றி எழுதியதைப் படித்தால், மீண்டும் அவர் முகத்தில் விழிக்க இயலாதென்று நாணியதே அதற்குக் காரணம்.

பயணத்திற்கு ஒரு பட்டியல்

மேய்ன் காட்டிற்குச் செல்ல விரும்புவார்க்குத் தோரோ ஒரு பட்டியலும் எழுதி வைத்தார். இருவரும் ஒரு வழிகாட்டியும் ஜூலை மாதத்தில் பன்னிரண்டு நாள் பயணம் செய்தற்கு வேண்டுவன அவை: ரொட்டி 28 இராத்தல், பன்றியிறைச்சி 16 இராத்தல், சர்க்கரை 12 இராத்தல், தேயிலை ஒரு இராத்தல் அல்லது காப்பி மூன்று இராத்தல், உப்பு, மீன் பொரிக்கச் சோளமாவு, வெந்நீரையும் கொழுப்பையும் சரிசெய்ய எலுமிச்சம்பழம் ஆறு, வேறு சுவை வேண்டின் இரண்டு மூன்று இராத்தல் அரிசி. கூடாரம், கம்பளி, கோடரி, தூண்டில், நீர் புகாத சிமிழில் தீக்குச்சி, திசையறி கருவி, நிலப்படம், கொசுவலை, செடிகளைப் பதம் செய்யும் ஏடு, பழைய செய்தித்தாள்கள், கயிறு ஆகியவும் உள. சர்க்கரை, தேயிலை, மாவு, உப்பு முதலியவற்றைத் தனித்தனி ரப்பர்ப் பையிலிட்டுக் கட்டுதல் வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு 24 டாலர். வழிகாட்டியும் தோணியும் 19 டாலர்.

இப்பட்டியலை ஊன்றிப் படிக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. மூஸ் உறையும் காட்டிற்குச் செல்வார்க்கு எழுதிய பட்டியலில் துப்பாக்கி இல்லை! வேட்டையே நோக்கமாயினன்றி, அதனைச் சுமந்து செல்வது வீண் பாரம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தீயருகே எழுந்த பெருஞ்சிந்தனை முடிவில் இவ்வொரு சிறு குறிப்பாய்க் கனிந்தது. அறவுரை எதுவும் அதில் இல்லை.

இறுதிக்காலம்

1860 டிசம்பரில், மரவளையங்களை எண்ணி ஆராய்ந்துகொண்டிருக்கையிற் பற்றிய குளிர், எலும்புருக்கி நோயாய் முதிர்ந்தது. மறு ஆண்டு உடல்நலம் தேடி மினஸோட்டா வரை சென்று வந்தும் பயனில்லை. படுக்கையிற் கிடந்தவாறே, தங்கையார் சோபியாவின் உதவியால் மேய்ன் கட்டுரைகளைத் திருத்தினார். போலிஸோடு சென்ற பயணத்தின் கட்டுரை மட்டும் அவிழ்க்க முடியாத முடிச்சாகத் தம்மிடம் நிற்பதாக நண்பர் சானிங்கிடம் வருந்திக் கூறினார். 1862-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி, தமது நாற்பத்துநான்காம் வயதில் உயிர்நீத்தார். உடனிருந்தோர் செவியில் இறுதியாகத் தெளிவாய் விழுந்த சொற்கள் இரண்டு: மூஸ் என்பது ஒன்று, ஆதிகுடியினரைக் குறிக்க அந்நாட்டார் வழங்கிய இந்தியன் என்பது மற்றொன்று. ‘மேய்ன் காடுகள்’ என்னும் நூல் 1864-ல் சோபியாவும் சானிங்கும் தொகுத்தளிக்க வெளிவந்தது.

ஜோ ஐட்டியன் 1870-ல், மரங்களை ஆற்றில் மிதக்கவிடும் தொழிலிடையே பெனாப்ஸ்காட் வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். 1897-ல் மேய்ன் அரசு வழிகாட்டிகளைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றிற்று. மூஸ் குறைந்தமையால் இருபதாம் நூற்றாண்டின் இடையில் நெடுங்காலம் வேட்டை தடைப்பட்டிருந்தது. 1980-ல் மீண்டும் வரையறையோடு அனுமதிக்கப்பட்டது. இப்போது சீட்டுக் குலுக்கி எடுத்து, பெயர் வந்தவர்க்கே அனுமதி அளிக்கின்றனர். கட்டாடின் மலையைச் சூழ்ந்த காடு பூங்காவாகக் காக்கப்பட்டு வருகின்றது. தேசமே காடுகளைக் காத்தல் வேண்டும் என்று தோரோ கேட்டதில் ஒரு கூறேனும் நிறைவேறியது.

முடிவுரை

பெருஞ்செயல் புரிந்தோர் வரலாறுகள் நமக்கு ஊக்கம் அளிக்கின்றன. தோரோவின் வாழ்க்கையில் இப்பகுதி அளிப்பது வேறொன்று. நாமும் பல வேளைகளில் உடன் செல்வோராயிருக்கின்றோம். கல்லெறிந்தவன் பிறன், நாம் பார்த்திருந்தோம் என்கின்றோம். எளியவன் ஒருவனைப் பலர் கூடி எள்ளும்போது, நாம் வாய் திறவாது நின்றோம் என்று அமைதி கொள்கின்றோம். விடுதியிலும் விளையாட்டிடத்திலும் இவ்வாறு நின்ற நாட்கள் எனக்கும் உண்டு. பார்த்திருந்தவனுக்கும் பங்குண்டு என்பதைத் தோரோ பைன் ஓடையின் கரையிற் கற்றார். கற்றதை மறையாது எழுதினார். எழுதியவாறே தம் மூட்டையினின்றும் துப்பாக்கியை நீக்கினார்.

அடுத்த விடுமுறையில் மலைக்கோ காட்டிற்கோ செல்லத் திட்டமிடும் நண்பர்கள், கொண்டு செல்ல வேண்டுவனவற்றை எழுதுங்கால், கொண்டு செல்ல வேண்டாதவற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.